சிலிக்கான்னா மணல்தானுங்க

ஏனுங்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மடியில தட்டு இருக்குது, அதான். பஸ்ஸு ஒரு குலுக்குக் குலுக்குனா தேங்கா உருண்டு உங்க கால்ல விழுந்துரும். ஆங், போதுங்க போதுங்க. ஈரோடு வரைக்குங்களா? நானும் ஈரோடுதான். ஈரோடுன்னே வச்சுக்குங்க.

கையில என்னங்க அது, ஆஸ்பத்திரி கவரா? ரிப்போர்ட்டா? சம்சாரத்தோடதுங்களா? அடடா. டாக்டர்கிட்டக் காட்டிட்டீங்களா, இல்ல இனிமேத்தானா? இனிமேத்தான். குடுங்க, நான் பாத்துச் சொல்றேன். சும்மா சொல்லலீங்க, எனக்கு ரிப்போர்ட்டு படிக்க வரும். பிளஸ் டூவுல சயின்ஸ் குரூப்பு நான். எது கெட்டதோ அதுக்குப் பக்கத்துல செவப்புல போட்டிருப்பான், இல்லாட்டி ஒரு நட்சத்திரம் வச்சிருப்பான். அதை மட்டும் பாத்தாப் போதும், மிச்சமெல்லாம் சும்மா பக்கத்தை ரொப்பறதுக்கு. வேண்டாங்களா? சரி விடுங்க. ஒட்டுன கவரு ஒட்டுனபடியே இருக்கட்டும்.

கண்டக்டரு உங்களுக்கு டிக்கெட் குடுத்துட்டானுங்களா? பாத்தீங்களா, என்னை விட்டுட்டுப் போயிட்டான். நேத்தும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான். கூட்டத்துல ஆளு கண்ணுக்குத் தெரியறதில்ல போல. எறங்கறப்பக் கூப்பிட்டுக் குடுத்துக்கலாம். ஓசியில போறவன் இல்லீங்க நான். இந்தப் பஸ்ஸுல, அதுவும் இந்தப் பஸ்ஸுல, ஓசியில போவனா?

என்ற பேரு செங்கோட்டுவேலு. திருச்செங்கோடுதான். ஒரே ஒரு லாரி, சொந்த லாரி, கர்நாடகாவுல இருந்து மக்காச்சோளம் ஏத்தியாந்து நம்ம பக்கத்துக் கோழித் தீவன மில்லுல எறக்கறது. நாளன்னிக்கு என்ற புள்ளைக்குக் குலதெய்வம் கோயில்ல காது குத்து. பந்தல் போட்டாச்சு. காது குத்தற பத்தருக்குச் சொல்லியாச்சு. கெடாய் வாங்கிக் கட்டியாச்சு, அது பாட்டுக்குத் தழை தின்னுக்கிட்டுக் கெடக்குது. எல்லாம் இருக்குது, மடிதான் இல்ல. தாய்மாமன் மடிங்க. புள்ளைய வேற யாரு மடியில உக்கார வச்சுக் குத்தறது, சொல்லுங்க? ஊருல யாராவது அப்படிக் குத்துனதா நீங்க கேட்டிருக்கறீங்களா?

அந்தத் தாய்மாமன், பூபதின்னு பேரு, என்ற சம்சாரத்துக்குக் கூடப் பொறந்த ஒரே தம்பி, அவன் என்ற வீட்டு வாசப்படியை மிதிச்சு எட்டு மாசம் ஆச்சு. அவனைக் கூப்பிடத்தான் இந்தத் தட்டு. கூப்பிடறதுன்னா என்ன, போயி மன்னிக்கறதுங்க. தப்புப் பண்ணுனது அவன். இருந்தாலும் தட்டைத் தூக்கிக்கிட்டு அலையறது நான். நம்ம கொணம் அப்படி, என்ன பண்றது.

நீங்களே கேளுங்க. கேட்டுட்டு ஞாயம் சொல்லுங்க.

புது லாரி எடுத்தேனுங்க. பழைய லாரியைத் தள்ளிட்டு, இப்ப வருதே, புகையைப் புடிச்சு மறுபடி உள்ள விட்டுச் சுத்தம் பண்ணி வெளிய உடற எஞ்சினு, அந்த மாதிரி வண்டி. லாரி வந்த அதே மாசந்தான் பாப்பாவும் பொறந்துச்சு. ஒரு பக்கம் வண்டிக்குப் பூசை, ஒரு பக்கம் பாப்பாவுக்குத் தொட்டில். பூபதிதான் டிரைவரு. பழைய லாரியையும் அவன்தான் ஓட்டுனான். நல்லா ஓட்டுவானுங்க, அதுல ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. மேட்டுல ஏறறப்ப எஞ்சினு கதறாது. எங்க சத்தம் மாறுனாலும் காதுல வாங்கிக்குவான்.

பாப்பா பொறந்து ஒரு வாரத்துல ஒடம்பெல்லாம் மஞ்சளாப் போச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தா அந்த மஞ்சக்காமாலை எண்ணு எக்கச்சக்கமா இருக்குது. கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். டாக்டரம்மா சிரிக்கறாங்க. "புதுசுக்கு இப்படித்தாங்க இருக்கும், தானா எறங்கிரும், ஒரே ஒரு டெஸ்ட்டை வச்சுப் பதறாதீங்க, நாங்க பாத்துக்கறோம்"ன்னாங்க. பூபதி ஒரு டிரிப்பையே வேண்டாம்னுட்டு, காலங்காத்தால எளவெயில்ல பாப்பாவைத் துண்டுல சுத்தி வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருப்பான். அதே மாதிரி எறங்கிருச்சுங்க. அடுத்த டெஸ்ட்டுல பாதி, அதுக்கடுத்ததுல ஒண்ணுமே இல்ல. இப்பப் பாருங்க, பாப்பா செக்கச்செவேல்னு இருக்குது. நடக்க ஆரம்பிச்சுட்டா.

ம், அது கெடக்குது. எஞ்சினுக்கு வர்றேன்.

எங்க லாரி ஓனருங்க சங்கத்துல ஆயில் கம்பெனிக்காரங்க வந்து ஒரு முகாம் போட்டாங்க. மனுசனுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கற மாதிரி எஞ்சினுக்கு ஆயில் எடுத்துப் பாக்கறதாம். ஓடுன பழைய ஆயிலை ஒரு சின்ன டப்பாவுல புடிச்சுக் குடுத்தா, எஞ்சினுக்குள்ள எது தேயுது, எது கலக்குதுன்னு அக்குவேறா ஆணிவேறாப் பிரிச்சுச் சொல்லிருவாங்களாம். எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். எனக்குக் கேக்கறப்பவே புடிச்சுப் போச்சு. மொத ஆயில் மாத்தறப்ப நானே கூட நின்னு டப்பாவுல புடிச்சு அனுப்பி வச்சேன்.

ரிப்போர்ட்டு போனுல வந்துச்சுங்க. தொறந்தா செவப்பு. ரெண்டு வரி செவப்பு. செம்பு அதிகம். சிலிக்கான் ரொம்ப அதிகம். நாப்பதுக்குள்ள இருக்க வேண்டியது எழுபதைத் தாண்டி நிக்குது. எனக்கு ஒடனே எங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு ஞாபகம் வந்துட்டாரு. மணல்ன்னா என்னடான்னு கேட்டு, தெரியாதவனுக்கு ஸ்கேல்லயே போடுவாரு. நான் அடி வாங்காத ஆளு. சிலிக்கான் டை ஆக்சைடு சார்னு சொன்னவன் நான் ஒருத்தன்தான். சிலிக்கான்னா மணல்தானுங்க! இதுக்கு மேல என்ன வேணும்? மக்காச்சோளம் ஏத்தற வண்டியில மணல் எங்கிருந்து வந்துச்சு?

லேப்புக்குப் போன் போட்டேன். ஒரு சார் எடுத்தாரு. நல்ல மனுசன், பொறுமையாப் பேசுனாரு. ஆனா என்ன பேசுனாருங்கறீங்க? "புது எஞ்சினுக்கு இப்படித்தாங்க இருக்கும். எஞ்சின் பாகங்களை ஒட்டற பசையில சிலிக்கான் இருக்குது, அது கரைஞ்சு ஆயில்ல வரும். ஆயில் கூலர்ல இருந்து செம்பு வரும். போகப் போகத் தானா எறங்கிரும். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க, அடுத்ததையும் பாருங்க. சந்தேகமா இருந்தா ஏர் பில்டரை மட்டும் ஒருக்காப் பாத்துக்குங்க"ன்னாரு. அந்த டாக்டரம்மா சொன்ன மாதிரியே, வார்த்தைக்கு வார்த்தை. எல்லாரும் இப்ப இப்படி ஒரே பாட்டைக் கத்து வச்சிருக்காங்க பாருங்க. நம்மளை சமாதானம் பண்ணிப் போனை வெக்கணும், அதான் அவங்களுக்கு.

ஏர் பில்டரைக் கழட்டிப் பாத்தேனுங்க. சுத்தமா இருந்துச்சு. அழுக்கா இருந்தா, சரி, ரோட்டுத் தூசு போயிருக்குதுன்னு விட்டிருப்பேன். சுத்தமா இருக்குதே! அப்ப எவனோ தெரிஞ்சுக்கிட்டு முன்னாடியே மாத்தி வச்சிருக்கான்னுதானுங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

எனக்குள்ள கணக்கு ஓட ஆரம்பிச்சிருச்சு. கர்நாடகா போயிட்டு வர ஒரு நாள் கூட ஆகுதே, ஏன்? லோடு கெடைக்கல மாமா, மில்லுல வரிசையில நின்னேன் மாமாம்பான். நின்னானா, இல்ல எங்காவது கல்லு ஒடைக்கற கிரசர் பக்கம் போயி மணல் லோடு அடிச்சானா? ஒரு தடவை சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியா வந்தான். கேட்டதுக்கு மக்காச்சோளத் தூசின்னான். செம்பு ஏறியிருக்குதே, அது பேரிங் தேயறதாம், யூடியூப்புல ஒரு ஆளு சொன்னான். பேரிங் எப்பத் தேயும்? பாரம் அதிகமா ஏத்துனாத் தேயும். மணலை விடப் பாரம் எதுங்க? எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கச்சிதமாப் பொருந்துது. பொருந்துறப்ப மனசு எப்படீங்க நம்பாம இருக்கும்?

பாப்பாவுக்கு மூணாம் மாசம். பூபதி டிரிப்பு முடிச்சு வந்து, கை கால் கழுவிட்டு, தொட்டில்ல கெடந்த பாப்பாகிட்டக் குனிஞ்சு ஏதோ கொஞ்சிக்கிட்டு இருக்கான். மாமனாரு, மாமியாரு, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் இருக்காங்க. நான் போனை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். "மாப்ள, எத்தனை நாளா மணல் ஓட்டறே?"ன்னேன்.

அவனுக்கு ஒண்ணும் புரியல. புரியாத மாதிரி நடிக்கறான்னு நான் நெனச்சேன். "என்ன மாமா?"ங்கறான். சிலிக்கானைக் காட்டுனேன். செவப்பைக் காட்டுனேன். பாத்துட்டு, "மாமா, நம்மளது டிப்பரு இல்ல. மணலை எதுல அடிக்கறது?"ன்னான். சாக்குல கட்டி ஏத்தியிருப்பேடான்னேன். மாமனாரு வாயத் தொறந்தாரு, நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு சயின்ஸு தெரியாதுன்னேன். சொல்லிட்டேனுங்க. கோபத்துல இன்னும் என்னென்னவோ சொன்னேன். சோத்துக்கு வழியில்லாம இருந்தவனுக்கு ஸ்டீரிங்கைக் குடுத்தேன்னு சொன்னேன். அது பொய்யில்ல, ஆனா தொட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டாம். அம்புட்டுத்தான்.

அவன் கத்தலீங்க. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நான் மணல் ஓட்டல மாமா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னான். பாக்கெட்டுல இருந்து வண்டிச் சாவியை எடுத்தான். என்ற கையில குடுக்கல. தொட்டில் கட்டியிருந்த கம்பியில மாட்டிட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். பாப்பா அந்தச் சாவி ஆடறதைப் பாத்து சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் என்ற சம்சாரம் கோகிலவாணி என்கூட நேரடியாப் பேசறதில்லீங்க. சண்டையும் போடறதில்ல. எல்லாம் பாப்பா வழியாத்தான். "பாப்பா, உங்கப்பனுக்குச் சோறு போட்டாச்சு, வந்து திங்கச் சொல்லு." "பாப்பா, கேஸு தீந்து போச்சுன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு." பேச்சு வராத புள்ள அது, என்னத்தைச் சொல்லும்? என்னையப் பாத்து எச்சியை வடிக்கும். நானும் "பாப்பா, சொல்லிட்டேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு"ம்பேன். சிரிக்காதீங்க. எட்டு மாசமா இப்படித்தான் குடும்பம் ஓடுது.

அப்புறம் ஓமலூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தரை டிரைவராப் போட்டேன். நல்ல ஆளான்னு கேட்டா எனக்குத் தெரியாது. போனு பண்ணுனா எடுக்க மாட்டாரு. டயரு போன இடத்துலயே வண்டியை விட்டுட்டு ஒரு நாள் பூரா படுத்துத் தூங்குனாரு. மேட்டுல ஏத்தறப்ப எஞ்சினு கதறுது. ஆனா, கேளுங்க இதை, ரெண்டாவது ரிப்போர்ட்டு வந்துச்சு! சிலிக்கான் பாதிக்குப் பாதி எறங்கிருச்சு. செம்பும் எறங்கிருச்சு. ஒரு வரி கூடச் செவப்பு இல்ல. ஆளை மாத்துனேன், மணல் நின்னு போச்சு. எப்படி? கலர்ல பிரிண்டு எடுத்து மொத ரிப்போர்ட்டையும் இதையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு வீட்டுச் சுவத்துல ஒட்டுனேன். கோகிலவாணி பாத்தா. பாப்பாவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "எறங்கிருச்சாம் கண்ணு. உனக்கு எறங்குன மாதிரி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுல என்ன குத்தல் இருக்குதுன்னு எனக்கு வெளங்கல. நல்லதுதான சொல்றாள்னு விட்டுட்டேன்.

தண்ணி வேணுங்களா? நான் குடிச்சுக்கறேன்.

அந்த ரெண்டு பிரிண்டையும் எடுத்துக்கிட்டு சங்கத்துக்குப் போனேனுங்க. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டுமே, டிரைவருங்க என்னென்ன பண்றாங்கன்னு. அங்க சடையப்பண்ணன் இருந்தாரு. வயசானவரு, என்ற வண்டி மாதிரியே ஒரு வண்டி, அதே கம்பெனி, அதே மாடலு, அதே மாசம் எடுத்தவரு. அவரும் அந்த முகாமுல ஆயில் குடுத்திருக்காரு. என்ற மொத ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டு, "இதேதான் எனக்கும்டா"ன்னாரு. போனை எடுத்துக் காட்டுனாரு. ஆமாங்க. எழுபத்திச் சொச்சம். செம்பும் அதே மாதிரி.

நான் ஒடனே சொன்னேன், "அண்ணா, உங்க டிரைவரும் மணல் ஓட்டறான். இன்னைக்கே ஆளை மாத்துங்க, நான் அனுபவப்பட்டவன் சொல்றேன்"னு. நாலு பேருக்கு முன்னாடி, சத்தமா.

அவரு என்னையவே பாத்தாரு. "செங்கோட்டா, என்ற வண்டியை நான்தான்டா ஓட்டறேன்"னாரு.

அங்கிருந்த எல்லாரும் சிரிச்சாங்க. அவரு மட்டும் சிரிக்கல. ரெண்டாவது ரிப்போர்ட்டையும் காட்டுனாரு. பாதிக்குப் பாதி எறங்கியிருக்குது. அவரு ஆளை மாத்தலியே. அவரே ஓட்டி, அவரே எறக்கியிருக்காரு. "பூபதியை இதுக்கா தொரத்துனே?"ன்னு மெதுவாக் கேட்டாரு. நான், "அண்ணா, உங்க வண்டி வேற, என்ற வண்டி வேற"ன்னேன். எப்படி வேறன்னு கேட்டாரு. ஒரே மாசம், ஒரே மாடலு. பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

இல்லீங்க, இருங்க. அதுக்காகப் பூபதி மணல் ஓட்டலன்னு ஆயிருமா? அவரு எஞ்சின்ல பசை கரைஞ்சிருக்கலாம், என்ற எஞ்சின்ல மணல் போயிருக்கலாம். ரெண்டும் எழுபதுக்கு வந்திருக்கலாம். வரக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லியே? இருக்கலாம்ங்க. ராத்திரியெல்லாம் இதைத்தான் யோசிக்கறேன். யோசிக்க யோசிக்க அந்தச் சட்டை ஞாபகம் வருது. வெள்ளைத் தூசி சட்டை. மக்காச்சோளம் எறக்குனா அப்படித்தான் ஆகும், எனக்கும் ஆயிருக்குது. நானும் ஒரு காலத்துல லோடு எறக்குனவன்தான்.

இப்பக் காது குத்துக்கு நாள் குறிச்சாச்சு. கோகிலவாணி எட்டு மாசத்துக்கப்புறம் மொத தடவையா என்ற மூஞ்சியைப் பாத்துப் பேசுனா. "என்ற தம்பி மடி இல்லாம புள்ளைக்குக் குத்த விட மாட்டேன். அவன் போனது உங்க வாயால. வர்றதும் உங்க வாயாலதான் வரணும். நானோ எங்கப்பனோ கூப்பிட மாட்டோம்"னுட்டா. நேரடியாப் பேசுனாளேன்னு எனக்கு ஒரு சந்தோசம், என்ன பேசுனாங்கறது அப்புறந்தான் ஒறைச்சுது. அவங்க பங்காளி வீட்டுல வேற யாரையாவது மாமன்னு சொல்லி உக்கார வச்சுக்கலாமான்னு கேட்டேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

பூபதி எங்க இருக்கான்னு கேக்கறீங்களா?

மெதுவாக் கேளுங்க. அந்தா, முன்னாடி, கண்ணாடிக்கு மேல எலுமிச்சம்பழம் தொங்குது பாருங்க. அதுக்குக் கீழ ஒரு தலை தெரியுதா? கழுத்துல பச்சைத் துண்டு. அவன்தாங்க. அவன்தான் ஓட்டறான். என்ற வண்டியை விட்டுப் போன ஒடனே பஸ்ஸு டிரைவரா ஏறிட்டான். ஈரோட்டுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். ரூமுக்குப் போனா எப்பவும் பூட்டு. அதான் பஸ்ஸுக்கே வந்துட்டேன்.

திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க, கண்ணாடியில தெரிஞ்சிரும்.

முந்தாநாளு ஏறுனேன். ஈரோடு போனதும் எறங்கி, முன்னாடி போயி, தட்டை நீட்டி, "மாப்ள, நடந்தது நடந்து போச்சு, நான் உன்னைய மன்னிச்சுட்டேன், வா"ன்னு சொல்லணும். இதான் திட்டம். பள்ளிபாளையம் வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், சரளமா வந்துச்சு. ஆத்துப் பாலம் தாண்டுனதும் மறந்து போச்சு. ஈரோட்டுல எல்லாரும் எறங்கிட்டாங்க, நான் எறங்கல. பஸ்ஸு திரும்பி திருச்செங்கோடு கெளம்பிருச்சு. நேத்து வேற மாதிரி சொல்லலாம்னு பாத்தேன். "பாப்பா உன்னையத் தேடுது." அது பொய்யி. மூணு மாசத்துல பாத்தது, அதுக்கு எங்க ஞாபகம் இருக்கும்? அதையும் சொல்ல முடியல. மறுபடி அதே பஸ்ஸுல வீடு. வாசல்ல கோகிலவாணி தட்டைப் பாத்தா. கொண்டு போன மாதிரியே திரும்பி வந்திருக்குது. வாடிப் போன வெத்தலையை எடுத்துப் போட்டுட்டு வேற வெத்தலை வச்சா. இன்னைக்குக் காலையிலயும் அவதான் அடுக்கிக் குடுத்தா. நாளைக்கு எடுத்துக்கிட்டு வர முடியாதுங்க, நாளைக்கே கோயிலுக்குக் கெளம்பணும், நாளன்னிக்குக் காது குத்து.

இந்தா பள்ளிபாளையம் வந்திருச்சு.

பாருங்க, எப்படித் திருப்பறான்னு. இந்தச் சந்துல இத்தாம்பெரிய பஸ்ஸைக் கொண்டாந்து, ஒருத்தனையும் உரசாம. கியரு மாத்தறது கேட்டுச்சுங்களா? கேக்கல இல்ல? அதான் சொன்னேன். என்ற எஞ்சினை மூணு மாசம் இந்தக் கைதான் ஓட்டுச்சு. அந்த மூணு மாசத்துல ஒரு நாளாவது வண்டி நின்னு போச்சுன்னு எனக்குப் போன் வந்ததா ஞாபகம் இல்ல. அதையெல்லாம் ரிப்போர்ட்டுல போட மாட்டானுங்க.

அண்ணா, ஒரு உதவி பண்றீங்களா? நீங்க எறங்கறப்ப முன்பக்கமா எறங்குங்க. இந்தத் தட்டை அவன்கிட்டக் குடுத்துருங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். பத்திரிகை உள்ள இருக்குது, வேட்டி இருக்குது, பாத்தாலே புரிஞ்சுக்குவான். நீங்க வயசுல பெரியவரு, நீங்க குடுத்தா வாங்கிக்குவான். என்ன, தலையை ஆட்டறீங்க? மாட்டேங்கறீங்களா? "தாய்மாமனை அழைக்கற தட்டை மூணாம் மனுசன் குடுக்கறதா"ங்கறீங்க. தெரியுங்க. எனக்கும் அது தெரியுங்க. தெரியாமயா கேக்கறேன். வேற வழி தெரியலியே.

பாலம் வந்திருச்சு. தண்ணி நெறையாப் போகுது.

உண்மையைச் சொல்லட்டுங்களா? அவன் ஒரு தடவை மணல் ஓட்டியிருந்தான்னா எனக்கு எவ்வளவோ நிம்மதிங்க. ஒரே ஒரு லோடு. ஓட்டியிருந்தான்னா நான் மன்னிச்சுரலாம். மன்னிக்கறது சுலபம், தட்டை நீட்டி மன்னிச்சேன்னு சொல்லிரலாம். ஓட்டலீன்னா... ஓட்டலீன்னா நான் என்னன்னு சொல்லித் தட்டை நீட்டறது? அதுக்கு வார்த்தையே இல்லீங்க எங்கிட்ட. என்னையப் போட்டு ஒரு டப்பாவுல புடிச்சு அந்த லேப்புக்கு அனுப்பிப் பாத்தாத்தான் உள்ள என்ன கெடக்குதுன்னு தெரியும்.

ஈரோடு பஸ் ஸ்டாண்டுங்க. எல்லாரும் எறங்கறாங்க. நீங்களும் கெளம்புங்க, டாக்டரு போயிரப் போறாரு. அப்புறம், அந்தக் கவரைப் பிரிக்காதீங்க. வழியில டீக்கடையில நின்னுகூடப் பிரிக்காதீங்க. செவப்பா ஏதாவது தெரிஞ்சாலும் நீங்களா ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க, சம்சாரத்துக்கிட்டயும் ஒண்ணும் சொல்லிராதீங்க. நேரா டாக்டரு கையில குடுத்துட்டு, அவரு சொல்றதைக் கேளுங்க. அவரு சிரிச்சாருன்னா நம்புங்க. நம்பிருங்க, என்ன?

நான் எறங்கல. இப்படியே திருச்செங்கோடு போயிக்கறேன். கண்டக்டரு தம்பி! தம்பி, இங்க வா. போறதுக்கும் வர்றதுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட் போடு. நேத்தும் நீ மறந்துட்டே, முந்தாநாளும் மறந்துட்டே, அதையும் சேத்து எடுத்துக்க. என்ன? என்ன தம்பி சொல்றே? மறக்கலியா?

அண்ணா, போயிராதீங்க, ஒரு நிமிசம். இவன் என்ன சொல்றான்னு நீங்களும் கேட்டீங்கதான? "டிரைவரண்ணன் மொத நாளே சொல்லிட்டாருங்க. தட்டு வச்சிருக்கறவரு எங்க மாமா, அவருக்கு டிக்கெட் போடாத, ஒண்ணும் கேக்காத, அவரா எந்திரிச்சு வருவாருன்னாரு"ங்கறான். மொத நாளே. மூணு நாளாப் பாத்துக்கிட்டேதான் ஓட்டியிருக்கான். நான் கண்ணாடிக்கு மறைஞ்சு மறைஞ்சு உக்காந்தது எல்லாம் பாத்திருக்கான்.

எஞ்சினை நிறுத்திட்டானுங்க. எப்பவும் ஓட விட்டுட்டுத்தான் டீ குடிக்க எறங்குவான். இன்னைக்கு எறங்காம அப்படியே உக்காந்திருக்கான். திரும்பியும் பாக்கல.

தட்டை மடியில வச்சுக்கிட்டு எந்திரிக்க முடியலீங்க. இந்தாங்க, தட்டைக் கொஞ்சம் புடிங்க. குடுக்கறதுக்கு இல்லீங்க, சும்மா புடிங்க. எந்திரிச்சுட்டு வாங்கிக்கறேன்.